அப்பாவுக்காக வந்தவன்

கட்டிலிலிருந்து அப்பாவைத் தூக்கி நிறுத்துவதற்குள் லோகனுக்கு இடுப்பு விட்டுப்போனது. அப்பா கார்த்திகேசு வாக்கரைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ... முருகா... மெதுவாலா," என்று அடிக்கு அடி முனகியபடி கூடத்துக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஒன்றரை மாதமாக இதுதான் காலைப் பூசை.

லோகன் காரை எடுக்க வெளியே வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்டி காத்துக்கொண்டு நின்றார். "மெல்பர்ன்ல அவ்வளவு பெரிய வேலை. அத உதறிட்டு அப்பனப் பாக்க ஓடி வந்திருக்க. யாருக்குய்யா வாய்க்கும் இப்படி ஒரு பிள்ள!" கிள்ளானை ஒட்டிய மேருவில் அந்தத் தாமான் குடியிருப்பின் நாலு தெருவிலும் இதே பேச்சுதான்.

"உங்க முட்டி எப்படி ஆன்டி இருக்கு?" என்று லோகன் பேச்சை மாற்றினான்.

"அத ஏன் கேக்குற. நான் எங்க வீட்டு கேட்டத் தாண்டியே ஒரு மாசம் ஆச்சு."

லோகன் தலையை ஆட்டினான். காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. இப்போதெல்லாம் அவனுக்கு எதுவுமே ஏறுவதில்லை.

ஊர் மெச்சும் கதை வேறு, நடந்தது வேறு. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அப்பா ஃபோன் செய்த அன்று, லோகனுக்கு மெல்பர்னில் ஏற்கெனவே வேலை போயிருந்தது. விசாவும் இன்றோ நாளையோ என்றிருந்தது. வேலை போனவனாக வீட்டு வாசலில் வந்து நிற்பதைவிட அங்கேயே எங்காவது தட்டுக் கழுவலாம் என்றிருந்தவன் அவன். "நீ வந்தாத்தான்யா ஆச்சு," என்று அப்பா அழுததும், அப்பாடா, மானம் தப்பித்தது என்று, வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லி மூட்டை கட்டினான். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத ஆளுக்கு அதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது.

பெற்ற தகப்பன் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்ட பாவி நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று விமானத்தில் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்புகூட வலிக்கவில்லை.

அப்பாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. அம்மா போனதிலிருந்து அவர் தனிக்கட்டை. ஆஸ்திரேலியாவில் மகன் நன்றாக இருக்கிறான் என்ற ஒரு பெருமையில்தான் அந்த மனுஷன் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.

வந்த புதிதில் லோகன் எதைப் பார்த்தாலும் டாலருக்கு மாற்றிப் பார்த்து, சீப் என்று வாங்கிப் போட்டான். கொண்டுவந்தது கரையக் கரைய அந்தப் பழக்கம் தானாக நின்றுபோனது. ஒரு பழைய மைவி காருக்குக் கேட்ட விலையில் கண் பிதுங்கியது. கிள்ளானில் ஒரு தட்டு மீன் சோற்றுக்குப் பன்னிரண்டு வெள்ளி. இங்கே தருகிறோம் என்ற சம்பளமோ, மெல்பர்னில் அவன் வாடகைக்கே பத்தியிருக்காது. முதலில் எரிச்சல் வந்தது, பிறகு பயம் வந்தது. இப்போது ஒன்றும் வருவதில்லை, பர்ஸைத் திறந்து கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

கார்ச் சாவியை மறந்தது நினைவு வந்து உள்ளே போனான். அப்பா காலை நீவிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்காச்சும் இன்டர்வியூ முடிஞ்சு வந்து ஹாஸ்பிட்டல் போவோம்ப்பா."

"அங்க போனா நாள் பூரா உக்காரணும். எண்ணெ தேச்சா போதும்லா. நீ ஷா ஆலம் கெளம்பு, ஜாம் ஆயிடும். மீனுக்கு நான் இராஜம்மாகிட்ட சொல்லிக்கிறேன். அதுதான தெனம் பாசார் போயி வாங்கியாருது."

ஜாம் ஆகித்தான் இருந்தது. ஃபெடரல் ஹைவேயில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோதே கம்பெனிக்காரன் கூப்பிட்டான். "ஸாரி பாஸ், ஆள் எடுத்தாச்சு." லோகனுக்குக் கோபம்கூட வரவில்லை. ஓகே என்று சொல்லிவிட்டு, திரும்ப வழி வந்ததும் காரைத் திருப்பினான்.

வீட்டுக் கூடத்தில் வாக்கர் மட்டும் நின்றது.

"ப்பா!"

கட்டிலில் இல்லை. குளியலறையில் இல்லை. பின்கட்டிலும் இல்லை. ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக லோகனுக்கு ஏதோ உறைத்தது. கடவுளே, நான் சொன்ன பொய்க்கு அவரை எடுத்துக்கொள்ளாதே என்று கூடத்துக்கு ஓடினான்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

தலையில் ஹெல்மெட்டோடு கார்த்திகேசு வண்டியை உள்ளே ஓட்டி வந்தார். காலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். இரண்டு கையிலும் பாசார் பைகளைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று படியேறியவர், மகனைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"ப்பா... உங்க காலு..."

"அதுக்கு அன்னிக்கும் ஒன்னும் இல்ல, இன்னிக்கும் ஒன்னும் இல்லலா." பைகளைக் கீழே வைத்தார். மகன் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டைக் கழற்றினார். "பத்து வருஷமா ஞாயித்துக்கெழம மட்டும் ஃபோன் பண்றவன், ஒரு நாள் திங்கக்கெழம காலையில கூப்பிட்டு, என்னப்பா சமையல்னு கேட்ட. வேல நாளுல. எனக்குச் சோறே எறங்கல."

லோகன் கூடத்தில் நின்ற வாக்கரைத் திரும்பிப் பார்த்தான்.

"வேல போனா போவுது, வீட்டுக்கு வாடான்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"