சிவப்புப் பட்டனுக்கு மார்க்

"இதுக்குப் பேர் வெப்சைட்டா? மறுபடியும் என்னை வெளிய தள்ளிடுச்சு."

மேஜையில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. லேப்டாப் ஒரு குதி குதித்து அடங்கியது.

அலுவலகத்தில் அவருக்கு 'மைனஸ்' என்று பட்டப்பெயர். நிறுவனங்களின் வெப்சைட்டுகளைப் பார்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு மார்க் போடுவது அவர் வேலை. அதில் மார்க் போடுவதைவிடக் குறைப்பதில்தான் அவருக்கு ருசி அதிகம். வழக்கமாக வங்கி, கல்லூரி என்று பார்ப்பவருக்கு, இந்தத் தடவை பெண்களுக்கு உதவும் அமைப்புகளின் வெப்சைட்டுகள் வந்திருந்தன. ஓர் அறக்கட்டளை இந்த அமைப்புகளுக்கு வருஷா வருஷம் நன்கொடை கொடுக்கிறது. இந்த வருஷம் இவர் போடும் மார்க்கில் கடைசி இடத்துக்கு வருகிற அமைப்புக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நன்கொடை நின்றால் அந்த அமைப்பு கதவைச் சாத்த வேண்டியதுதான்.

விடுமுறை நாள் என்பதால் வீட்டிலேயே கடையை விரித்திருந்தார். மனைவி டீயைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எங்க ஓடற? இங்க பாரு," என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். "இது இப்போதைக்கு முதல் இடம். எவ்வளவு லட்சணமா இருக்கு. தலைவி போட்டோ, ஆபீஸ் போட்டோ, வந்து சேர மேப். இப்ப இதைப் பாரு. சாவு நோட்டீஸ் மாதிரி. போட்டோ கிடையாது, அட்ரஸ் கிடையாது, ஒரே ஒரு போன் நம்பர். மூலையில ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினா இன்னிக்கு மழை வருமா வராதான்னு வேற எங்கயோ கொண்டுபோய் விடுது. திரும்பி வரலாம்னா வழியில்ல. இதைக் கட்டினவன் கையில கிடைச்சா..."

மனைவி திரையைப் பார்த்தாள்.

"கேட்டா ஒரு பதில் சொல்லத் தெரியாதா? ஊமையா நீ?"

"எனக்கு என்னங்க தெரியும் இதெல்லாம்."

"தெரியாதுதான். என் தலையெழுத்து."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அதுக்குக் கொடுத்திருந்த கொஞ்ச மார்க்கையும் அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த ஒரே நம்பரைக் கூப்பிட்டார்.

ஒரு பெண்மணி எடுத்தார். "சொல்லுங்கம்மா. இப்ப உங்களால பேச முடியுமா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"அம்மா இல்ல, ஐயா. உங்க வெப்சைட்டுக்கு மார்க் போடறவன்."

பிடித்துக்கொண்டார் மைனஸ். அட்ரஸ் எங்கே என்றார். போட்டோ எங்கே என்றார். பட்டன் கெட்டுப்போனதுகூடத் தெரியாமல் என்னத்தைக் கிழிக்கிறீர்கள் என்றார். அந்தப் பெண்மணி மூன்று தடவை பேச வாயெடுத்தார். மூன்று தடவையும் இவர் விடவில்லை.

"சார்," என்றார் அவர் கடைசியில். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்க கொஞ்ச நேரம் வாயை மூடினா நான் சொல்லிடுவேன்."

மைனஸிடம் இப்படி யாரும் பேசியதில்லை. திகைத்ததில் வாயை மூடிக்கொண்டார்.

"அட்ரஸ் போட்டா, இங்க தங்கியிருக்கற பொண்ணுங்களைத் தேடிக்கிட்டு அவங்க வீட்டு ஆம்பளைங்க வந்து நிப்பாங்க. போட்டோ போட்டாலும் அதே கதிதான். பட்டன் கெட்டுப்போகல சார். வீட்ல அடி வாங்கற ஒருத்தி, ஒளிஞ்சு ஒளிஞ்சு எங்க பக்கத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கா. திடீர்னு புருஷன் உள்ள வந்துடறான். அவ என்ன செய்வா? அந்தப் பட்டனை அமுக்குவா. அவன் பார்க்கறப்ப மழைச் செய்திதான் இருக்கும். திரும்பி வர வழி வச்சா, அவனும் அதே வழியில வந்துட மாட்டானா?"

மைனஸ் போனை வைத்துவிட்டு அந்தச் சிவப்புப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. கலங்கிய வேகத்திலேயே கோபமும் திரும்பி வந்தது. இப்போது வேறு திசையில்.

"கேட்டியாடி?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார். "வீட்ல உக்கார்ந்து ஒரு பக்கத்தைப் படிக்கறதுக்குக்கூடப் பொண்டாட்டி பயப்படறாளாம். அவனெல்லாம் ஒரு மனுஷனா? நடுரோட்ல நிக்க வச்சுத் தோலை உரிக்கணும்."

மேஜைக்கு இன்னொரு அடி கிடைத்தது. பூஜ்யத்தை அழித்தார். முழு மார்க் போட்டார். கடைசியில் இருந்ததைத் தூக்கி முதல் இடத்தில் வைத்தார். அவர் சர்வீஸிலேயே யாருக்கும் முழு மார்க் போட்டதில்லை. மனசு நிறைந்திருந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. எந்த வெப்சைட்டையும் போனிலும் திறந்து பார்த்த பிறகுதான் மார்க்கை அனுப்புவார். கத்திய கத்தலில் அவர் போனில் சார்ஜ் இறங்கிவிட்டிருந்தது.

"உன் போனைக் கொண்டா."

மனைவி வந்தாள். "எதுக்குங்க?"

"கொண்டான்னா கொண்டா."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள். பூட்டு எதுவும் இல்லாத போன். போடக்கூடாது என்பது அவர் உத்தரவு.

வெப்சைட் முகவரியின் முதல் எழுத்தைத் தட்டினார். மிச்ச எழுத்துகளைப் போன் தானாகவே எழுதி முடித்தது.

அடிக்கடி போய்வந்த பக்கமென்றால்தான் போன் அப்படிச் செய்யும். அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிமிர்ந்தார். மனைவி மேஜைக்கு அந்தப் பக்கம், சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"நான் பார்த்ததுக்காக," என்றாள், "அவங்களுக்கு மார்க்கைக் குறைச்சிடாதீங்க."