அம்மா வழியில் யாரும் இல்லை

“கேட்டதையே எத்தன தடவ கேப்பிய?” என்றார் தளவாய்.

மயக்க மருந்து டாக்டர் ஹம்ஸினி, கட்டிலில் கிடந்த தளவாயின் பேரனின் தடித்த கெண்டைக்காலை மறுபடி தொட்டுப் பார்த்தார். ஐந்து வயது. இறங்கிய குடல் சிக்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கே அறுவை செய்தாக வேண்டும்.

“முட்டியைப் பிடிச்சுக்கிட்டுதான் எந்திரிக்கிறான். பரம்பரையா வர்ற தசை நோயா இருந்தா, வழக்கமான மயக்க மருந்து நெஞ்சையே நிறுத்திடும். அம்மா வழியில் யாருக்காவது இப்படி இருந்துச்சா?”

“எங்க வம்சத்துல ஒரு குறையும் கிடையாது.”

பையனின் அம்மா தனலட்சுமி, தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தங்கைக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையின் அப்பா, கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பின்னால் நின்றிருந்தார்.

“தாய்மாமன்?”

“ஒரு பய இருந்தான். ஆத்துல விழுந்து செத்துட்டான்.”

“ஆத்துலயா?”

கேட்டது தனலட்சுமி புருஷனின் அக்கா இசக்கித்தாய். வார்டு முழுக்கக் கேட்கும் குரல்.

“நடக்கவே மாட்டாத பய ஆத்துக்கு எப்படிப் போனான் மாமா? உருண்டா?”

யாரோ சிரித்தார்கள்.

“மதினி, சும்மா இருங்க” என்றாள் தனலட்சுமி, கெஞ்சலாக.

“நீ சும்மா இருக்கது போதாதா? டாக்டரம்மா, இவ தம்பி பத்து வயசுலயே சப்பாணி. கால் ஒடிஞ்சி ஆப்பரேசனுக்கு மயக்க மருந்து கொடுத்தாவ. பொணமாத்தான் வெளிய வந்தான். அவனை ஆத்துல தள்ளுனது இவிய கௌரவம்.”

மாப்பிள்ளையின் அப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கிளம்பிப் போய்விட்டார்.

“ஒரு கல்யாணத்தக் கெடுத்துட்டிய. நல்லா இருங்க” என்றார் தளவாய்.

“இப்படியும் ஒரு நாத்தனா” என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

ஹம்ஸினி மருந்தை மாற்றச் சொன்னார்.

சாயங்காலம் பையன் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

தனலட்சுமி அவன் உதட்டை நனைத்துவிட்டு இசக்கித்தாய் பக்கம் திரும்பினாள். “ஒங்களுக்கு எப்பம் தெரியும், மதினி?”

“ஒன்னயப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே. ஒங்க ஊரு முக்கூடல் டீக்கடையிலயே சொல்லிட்டாவ.”

“எத்தன சண்ட போட்டிருக்கோம். ஒரு தடவகூட இதச் சொல்லலியே.”

இசக்கித்தாய் முகத்தைச் சுளித்தாள்.

“அப்பல்லாம் எவனும் மயக்க ஊசியோட நிக்கலியே, மூதி.”