சாட்சிக் குழி

படத்தையும் வீடியோவையும் யார் வேண்டுமானாலும் நொடியில் செய்துகொள்ளலாம் என்று ஆன பிறகு, கோர்ட் மண்ணை மட்டும்தான் நம்பியது. அதனால்தான் தன்ஷிகாவின் கொல்லையில் ஆளுயரக் குழி. முருங்கையின் வேரைக்கூட விட்டுவைக்கவில்லை. செத்துப்போன அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவளா, அண்ணன் ரித்விக்கா என்பது வழக்கு. பார்த்துக்கொண்டவருக்குத்தான் அம்மாவின் வீடு.

குழிக்குள்ளிருந்து அகழாய்வு அதிகாரி தலையை நீட்டினாள்.

"மேடம், இங்க அம்மா இருந்த தடமே இல்லீங்க. உங்க அண்ணன் வீட்டு மண்ணுல அவங்க பல்செட்டே கெடைச்சிருச்சு."

தன்ஷிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு தீபாவளிக்கு அங்க போயி ஒரு வாரம் இருந்தாங்க. அந்த ஒரு வாரத்துல பல்செட்டையே குப்பையோட கொட்டுனவன் அவன்! அதுக்கப்புறம் எட்டு வருஷம் அம்மாவுக்குக் கஞ்சி கரைச்சு ஊட்டுனது நானு. மாத்திரை அட்டையைக்கூடத் தனியாப் பிரிச்சு குப்பை வண்டியில போட்டனே!"

"அதாங்க பிரச்சினை. சுத்தமா வெச்சிருந்தீங்க. சுத்தத்துக்கு நாங்க எங்கீங்க ஆதாரம் தேடறது?"

அதிகாரி அறிக்கையை முடித்துவிட்டு மேலே ஏறினாள். குழியை மூட ஆட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள்.

"செத்த இருங்க," என்றாள் தன்ஷிகா.

வாசலில் குப்பை வண்டி மணியடித்தது. பக்கெட்டோடு கிளம்பிய கணவனை மறித்து, அவள் அதைப் பிடுங்கினாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரின் மாத்திரை அட்டைகளைப் பொறுக்கியெடுத்துக் குழிக்குள் வீசினாள்.

"என்னடி பண்றே?"

"நாளைக்கு உங்க தங்கச்சியும் கோர்ட்டுக்குப் போவா. உள்ள போயி உங்கப்பா கண்ணாடியையும் எடுத்துட்டு வாங்க."