‘சாமி’யில் வரும் காற்று

ஃபேர்லேண்ட்ஸில் பயாஸின் கார் ஸ்டீரியோ கடை வாசல். என் பங்காளி மயில்சாமியின் காருக்குள் காலை வெயில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பின்சீட்டில் அதன் பக்கத்தில் நான். கார் கம்பெனியிலேயே பொருத்தித் தந்த பழைய ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போட்டால் கொசு ரீங்காரமாகத்தான் வரும்; சேந்தமங்கலத்துக் கொசுக்கள் சொந்தக்காரர் வந்ததாக நினைத்துக் கண்ணாடியைத் தட்டும். இரண்டை நானே ஏற்றிப்போய் அயோத்தியாப்பட்டணத்தில் இறக்கிவிட்டிருக்கிறேன். இப்போது கதவுகளில் புது ஸ்பீக்கர். “சவுண்டு எப்படின்னு பார்க்க ஒரு பாட்டு போடுங்கய்யா” என்கிறான் முன்சீட்டில் ஏறிய பயாஸ். மயில்சாமி போனைத் தடவுகிறான். பாட்டு வரவில்லை. போன தை மாதம் போய்ச் சேர்ந்த அவன் மனைவி சௌந்திரம் எப்போதோ பேசி அனுப்பிய குரல் வருகிறது: “பொழுதோட ஊட்டுக்கு வந்துருங்க சாமி.” பயாஸ் புருவத்தைச் சுருக்குகிறான். “‘சா’ வர்ற இடத்துல சீறுதுங்கய்யா. ட்ரெபிளை, அந்தக் கூர்ச் சத்தத்தைக் குறைச்சாப் போதும்.” ஸ்டீரியோ திரையில் அவன் விரல் நகர்கிறது. மறுபடி அதே வார்த்தைகள், பன்னீரில் கழுவி எடுத்தது போல. ஸ்டீயரிங் முன்னால் இருக்கும் மயில்சாமி அவன் பக்கம் திரும்புகிறான். “ஏனுங்க தம்பி, இது ஆருங்க?” என்கிறான். பயாஸுக்குப் புரியவில்லை. “அவளுக்கு முன்பல்லு நடுவால சந்துங்க. சாமின்னா காத்து வரும்.” பயாஸ் விரலைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகிறான், அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறான். சாமி சீறுகிறது. அந்தக் காற்று வெளியே போவதற்குள் நான் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிடுகிறேன். யாராவது கேட்டால், கொசு என்று சொல்லிக்கொள்ளலாம்.