டீச்சரின் கத்தரிக்கோல்

"அடிப்பாவி! பார்த்தீங்களா, ஒரு பூ விடாம வெட்டறா!"

மொட்டை மாடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பொருமினாள் தையல்காரி.

காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னே? விடிந்தால் தேனீக்கள் வருகின்றன! இரண்டு புதுப் பெட்டிகள் கிட்டத்தட்டத் தயார். வெளிப்பக்கம் மட்டும் நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அந்த வாசம் பட்டால் தேனீ தங்காது என்று வெறும் மெழுகு தேய்த்திருந்தாள். எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர் டப்பாக்களில் நிறுத்தியாயிற்று. மிச்சம் விழுந்த வலைத்துணியில் முகமூடிகூடத் தைத்தாயிற்று.

அதை மாட்டிக்கொண்டு வந்து நின்றார் கணவர். "எப்படி இருக்கேன்?"

"கொசுவலைக்குள்ள மாட்டின பூனை மாதிரி. முதல்ல இங்க வந்து பாருங்க!"

பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் டீச்சர். ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் சாக்கு. செம்பருத்தி, சாமந்தி, ரோஜா என்று பாரபட்சமில்லாமல் மொட்டையடித்துக் கொண்டிருந்தார்.

"தேனீ வந்தா முதல்ல அங்கதானே போகும்? பூவே இல்லேன்னா பெட்டியை விட்டு ஓடிடும். தெரிஞ்சேதான் பண்றா. அத்தனையும் வயித்தெரிச்சல்!"

"நீ மட்டும் சும்மாவா இருந்தே? அன்னைக்குத் தெருவே கேக்க அவங்களோட மல்லுக்கு நின்னியே."

"அதுக்காக இப்படியா பழி வாங்கறது?"

பெயின்ட் பிரஷ்ஷும் கையுமாகத் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

"என்மேல கோபம்னா என்னை நாலு வார்த்தை திட்டுங்க டீச்சர். வாயில்லாத ஜீவன்மேலயா காட்டறது? எத்தனை நாள் கனவு தெரியுமா? நாளைக்கு வருதுங்க!"

டீச்சர் நிமிர்ந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்த அந்த முகத்தில் கோபமே இல்லை.

"தெரியும்மா. நீ பெட்டியை மாடிக்கு ஏத்தறதைக் காலையிலதான் பார்த்தேன். பதறிப்போயிட்டேன்."

"எதுக்கு?"

"நேத்துதான் எல்லாச் செடிக்கும் பூச்சிமருந்து அடிச்சேன். இந்தப் பூவில வாய் வச்சா உன் தேனீ ஒண்ணுகூட வீடு திரும்பாது. அதான், விரியப்போற மொட்டைக்கூட விடலை."

தையல்காரி கையைத் தாழ்த்தினாள். பிரஷ்ஷிலிருந்து நீலம் சொட்டிக் காலில் விழுந்தது.

"புதுப் பூ வர்ற வரைக்கும் அதுங்களுக்குச் சர்க்கரைத் தண்ணி வை. அப்புறம்..." டீச்சர் தயங்கினார். "நாளைக்கு என்னையும் கூப்பிடுவியா? தேனீயை நான் கிட்டப் பார்த்ததே இல்லை."

"கூப்பிடாம? ராத்திரிக்குள்ள உங்களுக்கும் ஒரு முகமூடி தைச்சுடறேன்!"

சந்தோஷத்தில் சாக்கை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஏன் டீச்சர், கண்ணுக்குக் கண்ணா வளர்க்கிற செடிக்குப் போய் யாராவது விஷம் அடிப்பாங்களா?"

கடைசி ரோஜாவைச் சாக்கில் போட்டார் டீச்சர்.

"எனக்கு மட்டும் மனசு வந்துச்சா? நீ தைக்கிற துணியில என் செடிப் பூச்சி விழுதுன்னு அன்னைக்குச் சண்டை போட்டியே!"