அப்பா நம்பர்

“எல்லாம் சரிம்மா. உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு சாவியைத் தர்றேன்” என்றார் வீட்டுக்கார அம்மா.

அவள் எதிர்பார்த்த கேள்விதான். பதிலும் தயார்தான்.

“தாராளமா பேசுங்க ஆன்ட்டி. ஃபாரத்துல நம்பர் எழுதியிருக்கேன்.”

“தப்பா நினைக்காதே. போன தடவை இப்படித்தான் ஒரு பொண்ணு வந்தா. இரக்கப்பட்டு ரூமைக் கொடுத்தேன். வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தவளாம். ரெண்டே நாள். அவ அண்ணனுங்க வந்து கதவையே உடைச்சுட்டானுங்க. போலீஸ் ஸ்டேஷன் பக்கமே போகாத என்னை அங்க பெஞ்சுல உட்கார வெச்சுட்டா. அதுலேர்ந்து பெத்தவங்க சம்மதம் இல்லாம ஒருத்திக்கும் ரூம் கிடையாது.”

“எங்க வீட்டுல எல்லாருக்கும் சம்மதம் ஆன்ட்டி.”

பொய். பச்சைப் பொய்.

அவளுக்கு ஒரு சலவைக் கடையில் வேலை. வருகிற துணிக்கெல்லாம் நம்பர் சீட்டு குத்த வேண்டும். சம்பளம் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும், இரண்டு அறை வீட்டில் அவள் படுக்கை சமையலறைக்கு மாறியது. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாம் அவளைத் தாண்டித்தான் போவார்கள். பாவம், அண்ணி ஒவ்வொரு தடவையும் மன்னிப்பு வேறு கேட்பாள்.

‘தனியா ஒரு ரூம் பார்த்துக்கறேன்பா’ என்று சொன்ன அன்றைக்கு அப்பா ஆடின ஆட்டம் இருக்கிறதே!

“போ. நல்லா போ. யாராவது வந்து கேட்டா எனக்குப் பொண்ணே இல்லைன்னு சொல்லிடறேன்.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். பெரியப்பாவோடு பேச மாட்டேன் என்றவர் பதினோரு வருஷமாகப் பேசவில்லை. இன்று காலை அவள் பெட்டியோடு கிளம்பியபோதுகூடப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அதனால்தான் கடையில் இஸ்திரி போடுகிற ‘ஸ்டீம்’ அண்ணனைப் பிடித்தாள்.

“அப்பாவா நடிக்கணும், அவ்வளவுதானே? ‘தங்கமான பொண்ணுங்க’ன்னு ஒரே போடா போட்டுடறேன், கவலையை விடு” என்று அவரும் காலையிலிருந்து சட்டைகளுக்கு நடுவே தொண்டையைச் செருமி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது இடம் பார்த்தாயிற்று. அவள் சம்பளத்துக்குக் கட்டுப்படியானது இந்த மாடி மூலை அறை ஒன்றுதான். இதுவும் இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா முன்னால் போய் நிற்க வேண்டும்.

வீட்டுக்கார அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஃபாரத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எண்களை அழுத்தினார்.

“...ஆறு... ரெண்டு... ரெண்டு... ஒன்பது.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஸ்டீம் அண்ணன் நம்பர் ஏழில் அல்லவா முடியும்? ‘தந்தையின் தொலைபேசி எண்’ என்று பார்த்ததும், பள்ளிக்கூடத்திலிருந்து எழுதிப் பழகின கை அதுபாட்டுக்கு நிஜ அப்பாவின் நம்பரை எழுதி வைத்திருக்கிறது!

“ஆன்ட்டி, ஒரு நிமிஷம், அந்த நம்பர் வந்து...”

“இரு, ரிங் போகுது.”

எடுக்காதேப்பா. தயவு பண்ணி எடுக்காதே. அந்த நான்கு ரிங்குக்குள் அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

“ஹலோ... உங்க பொண்ணு இங்க ரூம் கேட்டு வந்திருக்கா. நான் வீட்டுக்காரி பேசறேன்...”

அதற்கப்புறம் அந்த அம்மாவைப் பேச விடவில்லை போலிருக்கிறது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். முகம் இறுகிக்கொண்டே போனது. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ம்... சரி... ம்...”

போனை வைத்தார்.

“உங்கப்பா என்ன சொல்றாரு தெரியுமா? அவருக்குப் பொண்ணே இல்லையாம்.”

சொல்லிவிட்டார். சொன்னபடியே சொல்லிவிட்டார். அறை போனதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. கண்ணில் நீர் முட்ட, குனிந்து பெட்டியை எடுத்தாள்.

“மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நான் கிளம்பறேன்.”

“பெட்டியைக் கீழே வை. இந்தா, சாவி.”

அவள் விழித்தாள். “அப்பாதான்... சம்மதம் இல்லைன்னு...?”

“பொண்ணே இல்லைன்னு சொன்ன மனுஷன், போனை வைக்கறதுக்குள்ள ‘அந்த ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கெட்டியா இருக்கா’ன்னு மூணு தடவை கேட்டுட்டாரும்மா!”