கூடுதல் கட்டணம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கோர்ட் குமாஸ்தா இருந்தார். சிரித்துக்கொண்டு வருகிறவனையும் நம்ப மாட்டார், அழுதுகொண்டு வருகிறவனையும் நம்ப மாட்டார்.

அவருடைய ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். கக்கத்தில் பிளாஸ்டிக் கவர்.

“அப்பா சொத்தைப் பிரிச்சுக் கொடுக்க இங்கதான் உத்தரவு வாங்கினேன் சார். அப்போ கட்டின ஃபீஸ் கம்மி. மீதியைக் கட்டிடறேன்.”

“நோட்டீஸ் வந்துச்சா?”

“இல்ல சார். நானாத்தான் வந்தேன்.”

குமாஸ்தா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். தானாக வந்து பணம் கட்டுகிற பிறவியா? சொத்து கூடினால்தானே ஃபீஸ் கூடும்! எதையோ அமுக்கி வைத்திருந்து, மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ஓடி வந்திருக்கிறான்.

“வீட்ல எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரிய வேண்டாம் சார்.” குரல் இறங்கியது.

சரிதான் என்று நினைத்துக்கொண்டார் குமாஸ்தா.

அவர் கவரிலிருந்து எடுத்து நீட்டிய மனுவைப் பிரிப்பதற்குள் ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள்.

“நீ மறுபடி ஃபீஸ் கட்ட வந்திருக்கேன்னு அண்ணி வாய் தவறிச் சொல்லிட்டாங்க! சொத்து கூடாம ஃபீஸ் எப்படிண்ணா கூடும்? எனக்குத் தெரியாம எதை ஒளிச்சு வெச்சிருக்கே?”

“ஒண்ணும் ஒளிக்கலைம்மா. நீ வீட்டுக்குப் போ.”

“கூடப் பொறந்தவளையே ஏமாத்தினா உனக்குச் சோறு இறங்குமா? சார், நீங்க படிங்க. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன். ஏதாவது ஒளிச்சிருந்தான்னா, இந்த ஜென்மத்துல இவன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்!”

“சத்தமா படிக்காதீங்க சார்” என்றார் அண்ணன்.

அது போதாதா? குமாஸ்தா உற்சாகமாக மனுவைப் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சார், நிலமா? நகையா?”

“புதுசா ஒரு சொத்தும் இல்லம்மா. உங்க அண்ணன் கழிக்கக் கூடாததைக் கழிச்சுட்டாரு. கணக்குத் தப்பு, அவ்வளவுதான்.”

“அட, இவ்வளவுதானா! கூட்டல் கழித்தல்கூட வராதவனை நம்பி அப்பா எல்லாத்தையும் ஒப்படைச்சாரு பாருங்க!”

தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

அவள் படியிறங்கும்வரை குமாஸ்தா காத்திருந்தார்.

“மாடி கட்ட அப்பாவுக்குக் கடன் கொடுத்தேன்னு தங்கச்சி சொன்னதை நம்பி, அவங்களுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கீங்க. அப்பாவோட கடன்னு சொத்து மதிப்புலேர்ந்து கழிச்சும் இருக்கீங்க, அதான் ஃபீஸ் குறைஞ்சுடுச்சு. அப்படி ஒரு கடனே இல்லைன்னு இப்ப தெரிஞ்சுடுச்சு. அதுக்கும் ‘விசாரிக்காமல் எழுதியது என் தவறு’ன்னு எழுதி, சொந்தக் காசைக் கட்டறீங்க. அவங்க என்ன பேச்சு பேசிட்டுப் போறாங்க! ஏன் பொய் சொன்னேன்னு அவங்க முகத்துக்கு நேரா கேட்டிருக்கலாமே சார்?”

அண்ணன் பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“அப்போ அவ வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்துச்சு சார். அண்ணன்கிட்ட கேட்டா கிடைக்காதுன்னு நெனைச்சுத்தானே, செத்துப்போன அப்பா பேரைச் சொல்லி வாங்கியிருக்கா? தப்பு என்னோடதுன்னு எழுதினது பொய் இல்ல சார்.”

சொல்லிவிட்டு நடந்தார்.